ஸ்லாம் கையில் 12ஆவது பிடி: எந்த வழியால் போவது?

திருகோணமலையில் பிரிட்ஜ் மேசைக்கு வந்து சேருபவர்களில் அநேகர் 304 என்ற சீட்டாட்டத்தில் ஊறியவர்கள். அங்கிருந்து அவர்கள் கொண்டுவரும் சொத்து, போன தாள்களை மறக்காத நினைவு. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வருகிறது. 304இல் பிடியின் (ஒரு சுற்றில் விழும் நாலு தாளை வெல்வது ஒரு பிடி) எண்ணிக்கை முக்கியமில்லை, பிடிக்குள் என்ன விழுகிறது என்பதே முக்கியம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11 என்று பெறுமதியான தாள்கள் வந்துவிட்டால் நாலு வெறும் பிடி போனாலும் கவலையில்லை. பிரிட்ஜில் 6 அளவிலான ஸ்லாமிலோ, அதாவது 12 பிடி எடுப்பதாகக் கேட்ட ஒப்பந்தத்தில், 13 பிடியில் ஒன்றே ஒன்றைத்தான் விடலாம். இரண்டு வெறும் தாள்களால் இரண்டு பிடி போனாலும் கை கவிழ்ந்துவிடும். அந்த ஒரு பிடியை எங்கே, எந்த நேரத்தில் விடுவது என்று தீர்மானிப்பதுதான் ஸ்லாம் ஆட்டம்.

கீழே ஏ, கி, கு, ஜா என்பன ஏஸ், கிங், குயீன், ஜாக். டிக்ளேரர் (ஒப்பந்தத்தை விளையாடுபவர்) எப்போதும் தெற்கு, டம்மி (மேசையில் விரித்து வைக்கும் அவருடைய கூட்டாளியின் கை) வடக்கு, முதல் தாளை இறக்குபவர் மேற்கு.

ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும்?

ஒப்பந்தப் பிரிட்ஜின் புள்ளி முறையை 1925இல் ஹரோல்ட் வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தின்போது வகுத்தார். ஏலத்தில் முன்கூட்டியே கேட்டுச் செய்பவருக்கே ஸ்லாம் பரிசு என்பது அந்த முறையின் முதுகெலும்பு. சிறிய ஸ்லாமுக்கு 500, வல்னரபிள் (பரிசும் தண்டமும் கூடும் நிலை) என்றால் 750. பெரிய ஸ்லாமுக்கு (13 பிடியும்) 1000, அல்லது 1500. வல்னரபிள் இல்லாமல் 6 ஸ்பேட் கேட்டு எடுத்தால் 980. அதே 12 பிடியை 4 ஸ்பேட்டில் எடுத்தால் 480. ஒன்று குறைந்தால் 6 ஸ்பேட்டில் கழித்தல் 50, 4 ஸ்பேட்டில் கூட்டல் 450. போனாலும் வந்தாலும் 500 புள்ளி வித்தியாசம். ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பிருந்தால் சிறிய ஸ்லாம் கேட்கலாம் என்பார்கள். கேட்டபிறகு அந்தப் பாதியை 68 வீதம் ஆக்குவதும் 95 ஆக்குவதும் டிக்ளேரரின் கையில் இருக்கிறது.

முதல் படி: டம்மி இறங்கியதும் தாளில் இருந்து கையை எடுங்கள்

முதல் பிடிக்கு டம்மியில் எதைப் போடுவது என்பது வெளிப்படையாக இருந்தாலும் போடாதீர்கள். நிறைய ஸ்லாம் முதல் பிடியிலேயே சாகிறது. ஒரு நிமிடம் எடுத்து மூன்று விடயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, உறுதியான பிடிகள். தாள்களின் புள்ளியைக் கூட்ட வேண்டாம், பிடியை எண்ணுங்கள். துரும்பில் (மற்றவற்றை வெட்டும் நிறம்) எத்தனை, ஒவ்வொரு நிறத்திலும் (ஸ்பேட், ஹார்ட், டயமண்ட், கிளப்) மேலிருந்து எத்தனை. பெரும்பாலும் 11 வரும். 10 வந்தால் இரண்டு இடத்தில் அதிர்ஷ்டம் தேவை, அது வேறு திட்டம்.

இரண்டு, இறங்கிய தாள் என்ன செய்துவிட்டது? அது உங்கள் ஏஸை வெளியே இழுத்து, அதே நிறத்தில் ஒரு தோல்வித் தாளைத் திறந்து விட்டதா? ஆமென்றால் எதிராளி கையில் ஒரு பிடி ஆயத்தமாக நிற்கிறது. அவர்களிடம் இறக்கும் உரிமை ஒருமுறை போனாலே அதை எடுத்துவிடுவார்கள்.

மூன்று, 12ஆவது பிடி எங்கெங்கே இருந்து வரலாம்? எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். ஒன்றைக் கண்டவுடன் நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பினெஸ் (வெளியே உள்ள பெரிய தாள் ஒரு பக்கம் இருக்கும் என்று நம்பி, அதற்குக் கீழான தாளால் பிடி எடுக்கப் பார்ப்பது) கண்ணில் பட்டால் அதற்குப் பிறகு மற்றது தெரியாது.

இரண்டாம் படி: வாய்ப்பின் அளவு

பாடமாக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். எதிராளிகளிடம் இருக்கும் தாள்கள் பிரியும் விதம் இது:

2 தாள்: 1–1 ஆக 52 வீதம், 2–0 ஆக 48.
3 தாள்: 2–1 ஆக 78, 3–0 ஆக 22.
4 தாள்: 2–2 ஆக 40.7, 3–1 ஆக 49.7, 4–0 ஆக 9.6.
5 தாள்: 3–2 ஆக 67.8, 4–1 ஆக 28.3, 5–0 ஆக 3.9.
6 தாள்: 3–3 ஆக 35.5, 4–2 ஆக 48.4, மிச்சம் அதைவிட மோசம்.
7 தாள்: 4–3 ஆக 62.2.

ஒற்றை எண்ணிக்கை ஓரளவு சமமாகப் பிரியும், இரட்டை எண்ணிக்கை, 2 தாளைத் தவிர, பெரும்பாலும் சமமாகப் பிரியாது என்று நினைவு வைத்தாலே பாதி வேலை முடிந்தது. 3–3 வரும் என்று நம்பி ஸ்லாமைக் கொட்டுபவர்கள் ஏராளம். பினெஸ் 50.

இரண்டு வாய்ப்பைச் சேர்க்கும்போது நேரே கூட்டக் கூடாது. 35.5ஐயும் 50ஐயும் கூட்டி 85.5 என்பது தவறு. முதலாவது தோற்கும் 64.5இல் மட்டுமே இரண்டாவது தேவைப்படும், அதன் பாதி 32. ஆக மொத்தம் 68க்குக் கொஞ்சம் கீழே.

மூன்றாம் படி: வரிசை

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வாய்ப்புக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இது தோற்றால் இறக்கும் உரிமை எதிராளியிடம் போகுமா? போகாது என்றால் அதை முதலில் செய்யுங்கள். போகும் என்றால் கடைசிக்குத் தள்ளுங்கள். கையோடு பார்த்தால்தான் இது பிடிபடும்.

வடக்கு
ஸ்பேட்: கி ஜா 7 4
ஹார்ட்: 8 5
டயமண்ட்: ஏ கு 6
கிளப்: ஏ கி 7 4

தெற்கு
ஸ்பேட்: ஏ கு 10 9 6 2
ஹார்ட்: ஏ 4
டயமண்ட்: 5 3
கிளப்: கு 6 2

ஒப்பந்தம் 6 ஸ்பேட். மேற்கு இறக்கியது ஹார்ட் கிங்.

எண்ணுங்கள்: ஸ்பேட் 6, ஹார்ட் 1, டயமண்ட் 1, கிளப் 3. மொத்தம் 11. ஹார்ட் ஏஸ் போனதும் ஹார்ட் 4 தோல்வித் தாள், மேற்கிடம் குயீன் காத்திருக்கிறது. டயமண்டிலும் ஒன்று போகலாம். 12ஆவது பிடிக்கு இரண்டு இடம்: டயமண்ட் பினெஸ், அல்லது கிளப் 3–3 ஆகப் பிரிந்து டம்மியின் நாலாவது கிளப் நிலைப்பது (வெல்லும் தாளாவது).

துரும்பை இழுத்துவிட்டு நேரே டயமண்டுக்குப் போனால் 50. குயீன் விழுந்து கிங் கிழக்கிடம் இருந்தால் அடுத்த நிமிடம் ஹார்ட் வரும், கை முடிந்தது. கிளப் 3–3 ஆக இருந்தது என்பது பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் கேட்கும் கேள்வி எல்லா மேசையிலும் ஒன்றுதான்: “தம்பி, ஹார்ட் ஒண்டு நிக்குது எண்டு தெரிஞ்சும் ஏன் டயமண்டைத் தொட்டனீ?”

சரியான வரிசை இப்படி. ஹார்ட் ஏஸால் எடுங்கள். ஸ்பேட் ஏஸ், பிறகு ஸ்பேட்டில் டம்மியின் கிங். 3–0 ஆக இருந்தால் மூன்றாம் சுற்றும் இழுங்கள். கிளப்பை அதற்கு முன் தொட்டால் எவராவது வெட்டிவிடுவார். இப்போது டம்மியில் இருந்து சின்னக் கிளப் உங்கள் குயீனுக்கு, மீண்டும் டம்மிக்கு ஏஸ், கிங். மூன்று சுற்றும் இருவரும் கிளப் போட்டால் கிளப் 7 நிலைத்தது. அதை இறக்கி ஹார்ட் 4ஐக் கழியுங்கள். இனி எதுவும் உங்களைத் தொடாது, டயமண்ட் பினெஸ் மேலதிகப் பிடிக்கு மட்டும்.

கிளப் பிரியவில்லையா? கிளப் 7ஐக் கையில் வெட்டி, டயமண்ட் 3ஐக் குயீனை நோக்கி இறக்குங்கள். கிங் மேற்கிடம் இருந்தால் ஹார்ட் ஒன்றை மட்டும் கொடுத்து 12. இப்படி 50 ஏறத்தாழ 68 ஆகிறது. செலவு எதுவும் இல்லை, பொறுமை மட்டும்தான்.

அதே தாள்கள், ஆனால் மேற்கு ஹார்ட்டுக்குப் பதில் துரும்பு இறக்கியிருந்தால்? அப்போது ஹார்ட் ஏஸ் உங்களிடமே நிற்கிறது, அவசரமில்லை. டயமண்ட் பினெஸ் முதலில் தோற்றாலும் ஹார்ட்டை ஏஸால் எடுத்துவிட்டுக் கிளப்பைப் பார்க்கலாம். வாய்ப்பு இரண்டும் உயிரோடு இருக்கும். ஆனாலும் கிளப்பை முதலில் பார்ப்பதே மேல், ஏனென்றால் இன்னும் ஒரு சில்லறை வாய்ப்பு ஒட்டிக்கொள்ளும். கிளப் பிரியாவிட்டால் நாலாவதைக் கையில் வெட்டி, ஹார்ட் ஏஸ், பிறகு ஹார்ட் 4. அந்த ஹார்ட்டைக் கிழக்கு எடுக்க நேர்ந்தால் அவருக்குப் போக்கிடம் இல்லை. டயமண்ட் இறக்கினால் ஏஸ்–குயீனுக்குள் விழும். ஹார்ட்டோ கிளப்போ இறக்கினால் டம்மியில் வெட்டி, கையில் இருந்து டயமண்டைக் கழிக்கலாம். மேற்கு எடுத்து டயமண்ட் இறக்கினால் அப்போதும் பினெஸ் இருக்கிறது. இறங்கிய தாள்தான் திட்டத்தை எழுதுகிறது என்று சொல்வது இதனால்தான்.

நாலாம் படி: பினெஸையே தவிர்க்க முடியுமா என்று பாருங்கள்

இரு பக்கமும் எடுக்கக்கூடிய பினெஸ் வந்தால் சிலர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் பாய்வார்கள். எதிராளியின் முகத்தைப் படிப்பவர்களும் உண்டு. அதைவிட, அந்த நிறத்தை எதிராளியையே இறக்க வைப்பது நல்லது.

வடக்கு
ஸ்பேட்: ஏ 5 3
ஹார்ட்: கி கு 8 4
டயமண்ட்: ஏ 7 3
கிளப்: கி ஜா 6

தெற்கு
ஸ்பேட்: கி 7
ஹார்ட்: ஏ ஜா 10 9 6
டயமண்ட்: கி 8 5
கிளப்: ஏ 10 4

ஒப்பந்தம் 6 ஹார்ட். இறங்கியது ஸ்பேட் குயீன்.

ஹார்ட் 5, ஸ்பேட் 2, டயமண்ட் 2, கிளப் 2. மறுபடி 11. டயமண்டில் ஒன்று போயே தீரும். கிளப் குயீன் யாரிடம் என்பதைக் கண்டுபிடித்தால் 12, பிடிக்காவிட்டால் 11. வெறும் ஊகம் என்றால் 50.

போயே தீரும் அந்த டயமண்டை வேலை வாங்குங்கள். ஸ்பேட்டைக் கிங்கால் எடுத்து, ஹார்ட் ஏஸ், பிறகு டம்மியின் கிங். 3–1 என்றால் டம்மியின் குயீனும். மூன்றுக்கு மேல் இழுக்காதீர்கள், இரு கையிலும் ஒரு துரும்பாவது மிஞ்ச வேண்டும். ஸ்பேட் ஏஸ், பிறகு ஸ்பேட் 5ஐக் கையில் வெட்டுங்கள். இந்த வெட்டு ஒரு பிடியையும் கூட்டுவதில்லை என்பதால் புதியவர்கள் இதை விட்டுவிடுவார்கள். ஆனால் இதன் வேலை வேறு: ஸ்பேட் உங்கள் இரு கையிலும் தீர்ந்துபோக வேண்டும். அடுத்து டயமண்ட் கிங், ஏஸ், மூன்றாவது டயமண்டைக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் இரு கையிலும் இருப்பது துரும்பும் மூன்று கிளப்பும் மட்டும். எடுத்தவர் மேற்கோ கிழக்கோ, அவருக்கு இரண்டே வழி. கிளப் இறக்கினால் இரண்டாவது கையில் சின்னத்தைப் போடுங்கள், குயீன் எங்கிருந்தாலும் மூன்று கிளப்பும் உங்களுடையவை. ஸ்பேட்டோ டயமண்டோ இறக்கினால் டம்மியில் வெட்டி, கையில் கிளப் 4ஐக் கழியுங்கள். கிளப் ஏஸ், கிங், மூன்றாவதைக் கையில் வெட்டு. குயீனைத் தேடவே வேண்டியதில்லை.

துரும்பு 2–2 அல்லது 3–1 ஆக இருக்கும் 90.4 வீதத்தில் இது உறுதி. 4–0 ஆக இருந்தால் டம்மியின் துரும்பு தீர்ந்துவிடும், பழையபடி ஊகம்தான். அதையும் பாதியாகச் சேர்த்தால் 95.

இதில் பிழைப்பது மூன்று இடத்தில். மூன்றாவது ஸ்பேட்டை வெட்டாமல் டம்மியில் விட்டால், எதிராளி ஸ்பேட்டைத் திருப்பி இறக்கித் தப்பிவிடுவார். துரும்பை வீணாக ஒரு சுற்று கூட இழுத்தால் வெட்டிக் கழிக்க டம்மியில் ஒன்றும் இராது. முன்யோசனை இல்லாமல் ஒரு கிளப் ஏஸை “பார்ப்போம்” என்று போட்டால் முழு அமைப்பும் குலைந்துவிடும். கிளப்பை நீங்கள் தொடவே கூடாது.

ஐந்தாம் படி: துரும்பில் ஒன்றை விடலாமா?

மற்ற நிறங்களில் ஒரு தோல்வியும் இல்லை, துரும்பு மட்டுமே ஐயம் என்ற கை அடிக்கடி வரும். துரும்பு இப்படி என்று வைப்போம்: டம்மியில் கி 9 6 3, கையில் ஏ 10 8 5 2. வெளியே கு ஜா 7 4.

கை தன்பாட்டில் ஏஸை இறக்கும். கிழக்கிடம் நாலும் இருந்தால் அந்த இடத்திலேயே இரண்டு பிடி போய்விட்டது. அது 4.8 வீதம்தான், ஆனால் தவிர்க்கக்கூடிய 4.8. கையில் இருந்து 2ஐ இறக்குங்கள். மேற்கு சின்னத்தைப் போட்டால் டம்மியில் 9ஐப் போடுங்கள். கிழக்கு எடுத்தாலும் வெளியே இருப்பது இரண்டே தாள், ஏஸும் கிங்கும் அவற்றை இழுத்துவிடும். மேற்கிடமே நாலும் இருந்தால் 9 பிடிக்கும். மேற்கு துரும்பே போடாவிட்டால் கிங்கால் எடுத்து, டம்மியில் இருந்து 10ஐ நோக்கி இறக்குங்கள். எந்தப் பிரிவிலும் ஒன்றுக்கு மேல் போகாது.

விலை என்ன? 2–2 ஆக இருக்கும் 40 சொச்சம் வீதத்தில் ஏஸ், கிங் அடித்து 13 பிடியும் எடுத்திருக்கலாம். 30 புள்ளிதான் நட்டம். ரப்பரிலும் (வழமையான மேசை ஆட்டம்) அணி ஆட்டத்திலும் யோசிக்கவே வேண்டாம், காப்பான வழியே வழி. ஜோடிப் போட்டியில் (அதே தாள்களை ஆடிய மற்ற மேசைகளோடு ஒப்பிடுவது) மட்டும் நிலைமை வேறு. எல்லோரும் 6 ஸ்பேட்டில் இருப்பார்கள் என்றால் அந்த 30 புள்ளி மேல்நிலையா அடிநிலையா என்பதைத் தீர்மானிக்கும், 4.8க்காக 40ஐ விட முடியாது. மற்றவர்கள் அநேகமாக 4இல் நின்றிருப்பார்கள் என்று தோன்றினால் காப்பாக எடுங்கள்.

குயீன் மட்டும் இல்லாத துரும்புக்கு நாடறிந்த விதி உண்டு: இரு கையிலும் சேர்ந்து 8 தாள் என்றால் பினெஸ், 9 என்றால் மேலிருந்து அடித்து விழுத்து. 8க்கு அது உறுதியான விதி. 9க்கு இரண்டு வழிக்கும் இடைவெளி 2 வீதம்கூட இல்லை. ஒரு சின்னத் தகவல் கிடைத்தாலே விதி புரண்டுவிடும். அடுத்த படி அதைப் பற்றியது. 11 தாள் இருந்து கிங் மட்டும் வெளியே என்றால் ஏஸை அடியுங்கள், 50க்கு 52. 10 தாள் என்றால் பினெஸ்.

குயீனும் ஜாக்கும் வெளியே இருக்கும் 9 தாள் துரும்பு இன்னொன்று. டம்மியில் ஏ கி 10 8 3, கையில் 9 6 5 2. ஏஸை அடிக்கும்போது கிழக்கு ஜாக்கைப் போடுகிறார். இரண்டாம் சுற்றில் மேற்கு சின்னத்தைப் போட்டால் 10ஐப் போடுவதா, கிங்கா? 10. கிழக்கிடம் குயீனும் ஜாக்கும் சேர்ந்து இருந்திருந்தால் பாதித் தடவை குயீனைப் போட்டிருப்பார். ஜாக் மட்டும் இருந்தால் வேறு வழியில்லாமல் அதைத்தான் போட வேண்டும். அதனால் 10க்கு ஏறத்தாழ 2க்கு 1 சாதகம்.

ஆறாம் படி: எண்களைத் தகவலால் திருத்துங்கள்

மேலே சொன்ன வீதங்கள் எதுவும் தெரியாத நிலைக்கு உரியவை. ஏலம் முடிந்து நாலைந்து பிடி போன பிறகு அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது மடத்தனம்.

மேற்கு நீளமான கிளப்பைக் காட்ட ஏலத்தில் 3 கிளப் என்று தொடக்கத்திலேயே பாய்ந்தார் என்று வையுங்கள். 7 கிளப் அவரிடம், கிழக்கிடம் 2. மேற்கின் 13 இடத்தில் 6 மிச்சம், கிழக்கின் 13இல் 11. துரும்புக் குயீன் கிழக்கிடம் இருக்க 17க்கு 11, கிட்டத்தட்ட 65 வீதம். 9 தாள் இருந்தாலும் இங்கே கிழக்குக்கு எதிராகப் பினெஸ்தான். இந்த வெற்றிடக் கணக்கு 304காரருக்குச் சுலபமாக வரும்.

ஸ்லாமை எதிராளி டபிள் பண்ணினால் (தோற்பீர்கள் என்று ஏலத்தில் இரட்டித்தால்) அது பெரும்பாலும் லைட்னர் டபிள். “வழமையான தாளை இறக்காதே, எனக்கு வெட்ட ஒரு நிறம் இருக்கிறது” என்று கூட்டாளிக்குச் சொல்வது. கேட்டவுடன் எந்த நிறம் அவரிடம் இல்லை என்று நீளமான பக்க நிறங்களைப் பாருங்கள். அந்த நிறம் பிரியும் என்று கட்டிய திட்டத்தைக் கைவிட்டு, மற்ற வாய்ப்பை மேலே எடுங்கள்.

பேசாத தகவலும் உண்டு. ஸ்லாமுக்கு எதிராகக் கிங்குக்குக் கீழிருந்து இறக்க அநேகர் பயப்படுவார்கள், முக்கியமாக நோ ட்ரம்ப்பில் (துரும்பு இல்லாத ஒப்பந்தம்). மேற்கு தானாக வந்து ஒரு நிறத்தில் சின்னத்தை இறக்கினால், அந்த நிறக் கிங் அவரிடம் இருக்கும் வாய்ப்புக் கொஞ்சம் குறைவு. இதை நம்பி 68 வீத வழியை விடக் கூடாது, இரண்டு வழி சமமாக இருக்கும்போது தட்டிவிட மட்டும் பயன்படுத்துங்கள்.

பினெஸைக் கடைசிக்குத் தள்ளுவதால் வரும் இன்னொரு இலாபம் இதுதான். அதற்குள் மற்ற நிறங்களை ஓடவிட்டால் எதிராளிகள் கழிக்க வேண்டும். யார் எதைக் கழிக்கிறார், யாரிடம் எத்தனை இருந்தது என்று எண்ணியபடி போனால் பினெஸ் வரும்போது அது பாதிக்குப் பாதி ஊகமாக இராது.

ஏழாம் படி: போக்குவரத்து

திட்டம் சரி, ஆனால் தேவையான நேரம் தேவையான கையில் நிற்க முடியவில்லை. நீள நிறத்தை வெட்டி நிலைநாட்டும் கைகளில்தான் இது அதிகம். டம்மியில் கிளப் ஏ 8 6 4 2, கையில் ஒரே ஒரு கிளப் என்று எடுங்கள். வெளியே 7. 4–3 ஆகப் பிரிந்தால் ஏஸ், மூன்று வெட்டு, ஐந்தாவது கிளப் நிலைத்தது. 62 வீதம், வெறும் பினெஸைவிட நல்லது. ஆனால் ஏஸுக்குப் பிறகு டம்மிக்குத் திரும்பும் வழிகளை எண்ணுங்கள்: இரண்டாவது வெட்டுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று, நிலைத்ததை எடுக்க ஒன்று. கிளப் ஏஸைத் தவிர மூன்று வழி வேண்டும்.

டம்மியின் துரும்புகளே பெரும்பாலும் அந்த வழிகள். ஆகவே இந்த மாதிரிக் கையில் துரும்பை உடனே இழுத்தால் கெட்டது. இரண்டாம் பிடியிலேயே கிளப் ஏஸ், உடனே ஒரு வெட்டு, துரும்பில் டம்மிக்கு, மீண்டும் வெட்டு என்று இழுப்பதையும் வெட்டுவதையும் பின்னிக்கொண்டு போக வேண்டும். துரும்பை எப்போது இழுப்பது என்பதற்குத் தனி விதி கிடையாது, டம்மியின் துரும்புக்கு வேறு வேலை இருக்கிறதா என்பதே கேள்வி.

7 கேட்டிருந்தால்

பெரிய ஸ்லாமில் மேலே சொன்னதில் பாதி செல்லாது. விடுவதற்குப் பிடி இல்லை, ஆகவே துரும்புக் காப்பும் கிடையாது, எதிராளியை உள்ளே தள்ளும் வித்தையும் கிடையாது. நட்டமில்லாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் முதலில் பார்த்துவிட்டு, பினெஸைக் கடைசிக்கு வைக்கும் வரிசை மட்டும் அப்படியே நிற்கும். ஒன்றும் கைகொடுக்காவிட்டால் எல்லா வெற்றித் தாள்களையும் ஓடவிட்டு, ஒரே எதிராளி இரண்டு நிறத்தைக் காக்க முடியாமல் ஒன்றை விடும்வரை நெருக்குங்கள்.

பயிற்சி

இரண்டு பேர் போதும். மேலே உள்ள முதலாவது கையின் 26 தாளையும் வடக்கு, தெற்காக மேசையில் விரியுங்கள். ஹார்ட் கிங்கையும் குயீனையும் மேற்குக்குக் கொடுத்து, மிச்சம் 24ஐக் கலைத்து மேற்குக்கு 11, கிழக்குக்கு 13 என்று பிரியுங்கள். நேரே பினெஸ் எடுத்தால் வருமா, கிளப்பை முதலில் பார்த்தால் வருமா என்று இரண்டு பத்தியில் குறியுங்கள். பிறகு மீண்டும் 24ஐக் கலையுங்கள். விளையாடி முடிக்கத் தேவையில்லை, தாளைத் திறந்து பார்த்தாலே விடை தெரியும். இருபது முப்பது தரம் கலைத்தால் இரண்டு வழிக்கும் உள்ள இடைவெளி பத்தியில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதை விறாந்தையில் வைக்க வேண்டாம், டம்மி உப்புவெளிப் பக்கம் பறந்துவிடும். அறைக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டு இருங்கள்.

இரண்டாவது கையை இப்படிக் கலைக்க வேண்டியதில்லை. அதை நாலு பேரும் இருக்கும்போது விளையாடுங்கள். எதிராளி இருவருக்கும் உங்கள் தாளைக் காட்டி, மூன்றாவது டயமண்டை எடுத்தபின் எப்படியாவது தப்பிக்கச் சொல்லுங்கள். துரும்பு 4–0 இல்லை என்றால் எந்தத் தாளை இறக்கினாலும் அவர்கள் உங்கள் 12ஆவது பிடியைத் தருவார்கள். ஒருமுறை வேண்டுமென்றே மூன்றாவது ஸ்பேட்டை வெட்டாமல் விட்டும் பாருங்கள், அவர்கள் தப்பிப்போகும் வாசல் எது என்று உடனே விளங்கும்.